தோட்டத்துப் பெரியவர்களிடம் குடும்ப வரலாற்றைக் கேட்டு எழுதும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பால்மரம் வெட்டியவர்களில் (ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்களில்) சிலரே இன்று எஞ்சியிருப்பதால், அவர்களிடம் கேட்பதை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

முதலிலேயே ஆண்டைக் கேட்காதீர்கள். "சப்பான்காரன் வர்றதுக்கு முந்தியா, பிந்தியா தாத்தா?" என்று கேட்டால், 1941 டிசம்பருக்கு முன்னும் பின்னும் நடந்தவை தாமே பிரிந்து நிற்கும். 1948 ஜூனில் இவ்வூருக்கு அருகே மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதையொட்டி அறிவிக்கப்பட்ட அவசரகாலமும் அத்தகைய எல்லைக்கல்லே.

அடுத்து, குடும்பத்தைத் தோட்ட வேலைக்குத் திரட்டி அழைத்துவந்த கங்காணியின் சொந்த ஊரைக் கேளுங்கள். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்ட பின் கங்காணி முறையே மேலோங்கியது. கங்காணிகள் பெரும்பாலும் தம் ஊரிலும் உறவிலுமே ஆள் திரட்டியதால், அந்த ஒரு பெயர் உங்கள் பூர்வீகக் கிராமத்துக்கே வழிகாட்டக்கூடும். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்ததால், அப்படி வந்தவர்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே வந்திருப்பார்கள்.

கையில் ஒரு பொருளைக் கொடுத்துக் கேட்பது மிகுந்த பலன் தரும். பெரட்டைப் (வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் பெயர் கூப்பிடும் அணிவகுப்பைப்) பற்றி இரண்டு வரிகளுக்கு மேல் பேசாத என் பாட்டி, பழைய பால்கத்தியைப் பிடித்ததும், பட்டையைச் சாய்வாகச் சீவி, பால் வடியும் மங்கு எனும் கிண்ணத்தைத் துடைத்து வைக்கும் அசைவைக் காட்டியபடியே ஒரு மணி நேரம் பேசினார்.

சப்பான்காரர்கள் போர்க்காலத்தில் ஆட்களைக் கட்டாயமாக வேலை வாங்கிப் பலரைப் பலிகொண்ட சயாம் மரண ரயில்பாதைக்குப் போனவர்களைப் பற்றி மட்டும் வற்புறுத்தாதீர்கள். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரையும் மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயரையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.