டிசைனரில் மாற்றினோம், கோப்பில் காணோம்: வெப் கண்ட்ரோல் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோசாஃப்ட்டின் இணையப் பக்கக் கட்டமைப்பான ஏஎஸ்பி.நெட் வெப் ஃபார்ம்ஸில் சொந்தமாகக் கண்ட்ரோல் (பொத்தான், பெட்டி போன்ற பக்க உறுப்பு) எழுதியவர்களுக்கு இது பழகிய தலைவலி. பக்கத்தை விஷுவல் ஸ்டுடியோவின் டிசைன் பார்வையில் திறக்கிறோம். நம் கண்ட்ரோலைத் தேர்ந்து, அதன் பண்புகளைப் பட்டியலிடும் ப்ராப்பர்ட்டி கட்டத்தில் ஒரு மதிப்பை மாற்றுகிறோம். திரையில் மாற்றம் தெரிகிறது. சேமித்து, மூடி, மறுபடி திறந்தால் பழைய மதிப்பே பல்லிளிக்கிறது. சில சமயம் டிசைனரில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், பிரவுசரில் ஓட்டும்போதுதான் குட்டு வெளிப்படும்.

"வெப் ஃபார்ம்ஸா, இன்னுமா?" என்று கேட்பீர்கள். டாட்நெட் கோருக்கு அது போகவே இல்லைதான். ஆனால் டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8-இல் உயிரோடு இருக்கிறது. 2005 வாக்கில் எழுதிய கண்ட்ரோல்களை இன்றும் பராமரித்துச் சோறு சாப்பிடுகிறவர்களில் நானும் ஒருவன்.

டிசைன் பார்வையில் தெரியும் கண்ட்ரோல் வெறும் படம் அல்ல. ஏஎஸ்பிஎக்ஸ் கோப்பில் (பக்கத்தின் மூலக் கோப்பு) இருக்கும் டேகைப் படித்து விஷுவல் ஸ்டுடியோ உருவாக்கிய நிஜமான ஆப்ஜெக்ட் அது. பக்கத்தை மூடினால் அதன் ஆயுசு முடிந்தது. நாளைக்கு சர்வரில் பக்கம் ஓடும்போது வேறொரு ஆப்ஜெக்ட் புதிதாகப் பிறக்கும். இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது டேகில் உள்ள எழுத்து மட்டும்தான். அந்த எழுத்தை எழுதுகிற வேலை நம் கண்ட்ரோலுடையது அல்ல, டிசைன் பார்வையை இயக்கும் டிசைனருடையது. மதிப்பு மாறியது என்று அதற்குத் தகவல் போக வேண்டும். இது எழுத வேண்டிய மதிப்புதான் என்று அது நினைக்க வேண்டும். எப்படி எழுதுவது என்றும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். இதில் எங்கே கோளாறு என்று தெரியாமல் கண்ட்ரோலின் கோடை நோண்டிக்கொண்டிருப்பதில்தான் நேரம் போகிறது.

பலர் முதலில் சந்தேகப்படுவது வியூஸ்டேட்டை. "வியூஸ்டேட்டில்தானே வைத்திருக்கிறேன், எப்படித் தொலையும்?" வியூஸ்டேட் என்பது பக்கம் ஓடும்போது ஒரு போஸ்ட்பேக்கிலிருந்து (பக்கம் சர்வருக்குப் போய்த் திரும்புவது) அடுத்த போஸ்ட்பேக்குக்கு மதிப்பைக் கடத்துவதற்கு. டிசைன் நேரத்து மாற்றம் கோப்பில் பதிவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாதாரண பிரைவேட் ஃபீல்டில் வைத்த மதிப்பும் டேகில் பதியும். அந்தப் பக்கம் தேட வேண்டாம்.

டீஃபால்ட் வேல்யூ என்ற கண்ணி

இதில் விழாதவர்கள் குறைவு. தொகையைக் காட்டும் ஒரு கண்ட்ரோல் எழுதியிருந்தேன். நாணயக் குறியைக் காட்டவா வேண்டாமா என்று தீர்மானிக்க 'ஷோ சிம்பல்' என்றொரு பூலியன் ப்ராப்பர்ட்டி. இயல்பாகக் காட்ட வேண்டும் என்பதால் அதன் தலையில் டீஃபால்ட் வேல்யூ ஆட்ரிப்யூட்டைப் போட்டு, உள்ளே ட்ரூ என்று கொடுத்தேன். பின்னால் இருந்த பிரைவேட் ஃபீல்டுக்கு எந்த மதிப்பும் கொடுக்கவில்லை. ஆட்ரிப்யூட்தான் சொல்லிவிட்டதே என்று நினைப்பு.

டீஃபால்ட் வேல்யூ ஆட்ரிப்யூட் யாருக்கும் எந்த மதிப்பையும் கொடுக்காது. "இந்த மதிப்பு இருந்தால் டேகில் எழுத வேண்டாம்" என்று டிசைனருக்குச் சொல்லும் குறிப்பு அது, அவ்வளவுதான். மதிப்பு கொடுக்காத பூலியன் ஃபீல்டு ஃபால்ஸாகவே பிறக்கும். ஆக, கண்ட்ரோல் குறியைக் காட்டாமல் வந்து நிற்கிறது. பயன்படுத்துகிறவர் கட்டத்தில் ட்ரூ என்று மாற்றுகிறார், குறி தெரிகிறது. சேமிக்கும்போது டிசைனர் ஒப்பிடுகிறது: இப்போதைய மதிப்பு ட்ரூ, அறிவித்த இயல்பு மதிப்பும் ட்ரூ. அப்போ எழுத ஒன்றுமில்லை. டேகில் ஷோ சிம்பல் என்ற பேச்சே இல்லை. அடுத்த முறை திறந்தால் புது ஆப்ஜெக்ட், புது ஃபீல்டு, மறுபடி ஃபால்ஸ். அவர் நூறு தடவை ட்ரூ என்று மாற்றினாலும் நூறு தடவையும் இதே கதைதான். ஃபால்ஸ் என்று வைத்தால் மட்டும் ஒழுங்காகப் பதியும்! அதனால்தான் எனக்கு இரண்டு நாள் குழப்பம். ஒரு மதிப்பு பதிகிறது, மற்றது பதியவில்லை என்றால் வேறெங்கும் போகாமல் நேராக இந்த ஆட்ரிப்யூட்டைப் பாருங்கள்.

மருந்து ஒரு வரி: ஃபீல்டின் ஆரம்ப மதிப்பும் ஆட்ரிப்யூட்டில் சொன்ன மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். வியூஸ்டேட்டில் வைப்பதானால், அங்கே மதிப்பு இல்லாதபோது கெட்டர் (மதிப்பைப் படித்துத் தரும் பகுதி) எதைத் திருப்புகிறதோ அதுவும் அதேதான்.

டைப் பொருந்தாமல் போவது இதற்குத் தம்பி. லாங் வகை ப்ராப்பர்ட்டிக்கு டீஃபால்ட் வேல்யூ என்று வெறும் 0 கொடுத்தால் அது இன்ட் வகைப் பூஜ்யம். இரண்டும் பூஜ்யமே ஆனாலும் ஆப்ஜெக்ட்டாக ஒப்பிடும்போது சமம் ஆகாது. இதில் மதிப்பு தொலையாது, தேவையில்லாமல் எல்லா டேகிலும் ஒட்டிக்கொள்ளும். கலர் போன்றவற்றுக்கு ஆட்ரிப்யூட்டில் நேரடியாக மதிப்பு தர முடியாது. டைப்பையும் அதன் எழுத்து வடிவத்தையும் சேர்த்துத் தரலாம். அல்லது 'ஷுட் சீரியலைஸ்' என்பதோடு ப்ராப்பர்ட்டியின் பெயரைச் சேர்த்து ஒரு மெத்தடும் (டேகில் எழுத வேண்டுமா என்று சொல்ல), 'ரீசெட்' சேர்த்து இன்னொன்றும் (இயல்பு மதிப்புக்குத் திருப்ப) எழுதிவிடலாம்.

டிசைனருக்குச் சொல்லாமல் செய்கிற மாற்றம்

ப்ராப்பர்ட்டி கட்டத்தில் ஒருவர் கையால் மதிப்பை மாற்றும்போது, கட்டம் ப்ராப்பர்ட்டி டிஸ்கிரிப்டர் (ப்ராப்பர்ட்டியை விவரிக்கும் ஆப்ஜெக்ட்) வழியாகத்தான் அதை வைக்கிறது. அந்த டிஸ்கிரிப்டரின் 'செட் வேல்யூ', மாற்றத்துக்கு முன்னும் பின்னும் டிசைனருக்குத் தகவல் அனுப்பிவிடும். எளிய ப்ராப்பர்ட்டிகள் நாம் எதுவும் செய்யாமலே பதிவது இதனால்தான். ஸ்மார்ட் டேகோ (டிசைனரில் கண்ட்ரோலின் ஓரத்தில் திறக்கும் சிறு மெனு), வலது கிளிக் மெனுவில் ஒரு வெர்போ (கட்டளை) நாமே எழுதி, அதிலிருந்து மதிப்பை மாற்றப் போகும்போது வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

ஸ்மார்ட் டேகில் 'தலைப்பை மாற்று' என்று ஒன்று வைத்து, அதன் கோடில் கண்ட்ரோலின் டெக்ஸ்ட் ப்ராப்பர்ட்டிக்கு நேராகப் புது மதிப்பைக் கொடுத்தால் சி ஷார்ப்பைப் பொறுத்தவரை அது சரி. ஆப்ஜெக்ட்டில் மதிப்பு மாறிவிட்டது. டிசைனருக்கு மட்டும் விஷயமே தெரியாது. கோப்பின் தலைப்பில் மாற்றத்தைக் காட்டும் அந்த நட்சத்திரக் குறிகூட வராது. பக்கத்து வீட்டுக்காரர் சொந்த வீட்டைப் பதிவு அலுவலகத்துக்குப் போகாமல் வாய்வார்த்தையில் விற்றது போல!

செய்ய வேண்டியது: டைப் டிஸ்கிரிப்டரிடம் கண்ட்ரோலின் ப்ராப்பர்ட்டிகளைக் கேட்டு, பெயரைச் சொல்லி டிஸ்கிரிப்டரை எடுத்து, அதன் செட் வேல்யூவைக் கூப்பிடுங்கள். ஒரே சொடுக்கில் மூன்று நான்கு ப்ராப்பர்ட்டிகள் மாறுவதானால், கண்ட்ரோல் டிசைனர் கிளாஸில் உள்ள 'இன்வோக் டிரான்சாக்டட் சேஞ்ச்' மெத்தடுக்குள் எல்லாவற்றையும் வையுங்கள். டாட்நெட் 2.0-இல் வந்த வசதி இது. செய்ததைத் திருப்ப Ctrl+Z அழுத்தினால் எல்லாம் ஒன்றாகத் திரும்பும். இல்லாவிட்டால் நான்கு தடவை அழுத்த வேண்டும்.

ஒரு ப்ராப்பர்ட்டியின் செட்டருக்குள்ளேயே (மதிப்பை வைக்கும் பகுதி) இன்னொன்றை மாற்றுகிற பழக்கமும் இதே குடும்பம். 'தீம்' மாறினால் நிறத்தையும் மாற்றிவிடலாம் என்று செட்டரில் எழுதினால், டிசைனருக்குப் போன தகவல் தீம் பற்றி மட்டும்தான். மாற்றத் தகவல் வந்ததும் ஓடும் டிசைனர் மெத்தடான ஆன் காம்போனன்ட் சேஞ்ச்டை ஓவர்ரைடு செய்துவிட்டு (அதன் இடத்தில் நம் கோடை வைத்துவிட்டு) பேஸ் மெத்தடைக் கூப்பிட மறப்பதும் உண்டு. டேகில் எழுதும் வேலையே அந்த பேஸ் மெத்தடில்தான் இருக்கிறது.

உள் ப்ராப்பர்ட்டிகள் கொண்ட கிளாஸ் ஒன்றை (ஃபான்ட் மாதிரி) நாமே எழுதினால், ஒவ்வொரு உள் ப்ராப்பர்ட்டிக்கும் 'நோட்டிஃபை பேரன்ட் ப்ராப்பர்ட்டி' ட்ரூ என்று வேண்டும். பிள்ளை மாறியது பெற்றவருக்குத் தெரிய அது ஒன்றுதான் வழி.

பட்டியல்கள்

டேப் கண்ட்ரோல் ஒன்று, அதற்குள் டேப்களின் பட்டியல். எடிட்டரைத் திறந்து நான்கு டேப் சேர்த்து ஓகே கொடுக்கிறோம். ஒன்றும் பதியவில்லை. இங்கே மூன்று இடங்களில் தப்பு இருக்கலாம், பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும்.

ஒன்று, ஆட்ரிப்யூட்கள். பட்டியலுக்கு டிசைனர் சீரியலைசேஷன் விசிபிலிட்டி 'கன்டென்ட்' (உள்ளடக்கத்தை எழுது) என்றும், பெர்சிஸ்டன்ஸ் மோட் 'இன்னர் ப்ராப்பர்ட்டி' (உள் டேகாக எழுது) என்றும் இருக்க வேண்டும். நம் கிளாஸ் வெப் கண்ட்ரோலிலிருந்து வந்தால், உள் டேகுகளைக் கண்ட்ரோல்களாக அல்லாமல் ப்ராப்பர்ட்டிகளாகக் கருதச் சொல்லும் பார்ஸ் சில்ட்ரன் ட்ரூவும் பெர்சிஸ்ட் சில்ட்ரன் ஃபால்ஸும் வாரிசுச் சொத்தாகவே வந்துவிடும். வெறும் கண்ட்ரோல் கிளாஸிலிருந்து வந்தால் அது கிடையாது, நாம்தான் போட வேண்டும்.

இரண்டாவது, கெட்டர். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் புதிய பட்டியலை உருவாக்கித் தருகிற கெட்டரை ஒருமுறை பார்த்தேன். நகலைத் தருவது பாதுகாப்பு என்று யாரோ எழுதியது. எடிட்டர் நகலில் டேப்களைச் சேர்த்தது, நகல் குப்பைக்குப் போனது. முதல் முறை கேட்கும்போது ஒரே ஒரு பட்டியலை உருவாக்கி, அதையே எப்போதும் தர வேண்டும். செட்டர் தேவையில்லை. டேப் கிளாஸுக்கு அளவுரு இல்லாத பப்ளிக் கன்ஸ்ட்ரக்டர் மட்டும் கட்டாயம்.

மூன்றாவது, சொந்தமாக எடிட்டர் எழுதியவர்களுக்கு. பட்டியலுக்குள்ளே மாற்றிவிட்டு அதே பட்டியலைத் திருப்பிக் கொடுத்தால், உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒரே ஆப்ஜெக்ட் என்பதால் கட்டம் எதுவும் மாறவில்லை என்று நினைத்துக்கொள்ளும். எடிட்டருக்குக் கிடைக்கும் கான்டெக்ஸ்ட்டில் 'ஆன் காம்போனன்ட் சேஞ்சிங்', 'ஆன் காம்போனன்ட் சேஞ்ச்டு' என்று இரண்டு மெத்தடுகள் உண்டு. மாற்றுவதற்கு முன் முதலாவதையும், மாற்றிய பின் இரண்டாவதையும் நீங்களே கூப்பிடுங்கள்.

உள்ளே இன்னொரு கண்ட்ரோல் இருந்தால்

பிற கண்ட்ரோல்களை உள்ளடக்கிய காம்போசிட் கண்ட்ரோலில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸை உள்ளே வைத்து, வெளியே தெரியும் ப்ராப்பர்ட்டி நேராக அந்த டெக்ஸ்ட் பாக்ஸில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கெட்டர், செட்டர் இரண்டிலும், உள் கண்ட்ரோல்கள் இல்லாவிட்டால் உருவாக்கும் 'என்ஷூர் சைல்ட் கண்ட்ரோல்ஸ்' மெத்தடைக் கூப்பிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மறந்தால் டிசைனரில் கண்ட்ரோலுக்குப் பதில் சாம்பல் நிறப் பிழைப் பெட்டி வந்து நினைவூட்டும்.

தெரியாத விஷயம் இன்னொன்று. டிசைனர் ஒவ்வொரு முறை கண்ட்ரோலை வரையும்போதும் 'ரீகிரியேட் சைல்ட் கண்ட்ரோல்ஸ்' என்ற மெத்தடைக் கூப்பிடுகிறது. உள் கண்ட்ரோல்கள் இன்னும் உருவாகவில்லை என்று குறித்து வைப்பதுதான் அது இயல்பாகச் செய்கிற வேலை. உடனே அவை புதிதாக உருவாகும். மதிப்பு பழைய டெக்ஸ்ட் பாக்ஸில் மட்டும் இருந்தால், பாக்ஸோடு சேர்ந்து மதிப்பும் போயிற்று. மைக்ரோசாஃப்ட்டின் காம்போசிட் கண்ட்ரோல் எடுத்துக்காட்டில் இந்த மெத்தடை ஓவர்ரைடு செய்து, உள்ளே என்ஷூர் சைல்ட் கண்ட்ரோல்ஸை மட்டும் கூப்பிட்டிருப்பார்கள். அந்த மூன்று வரி எதற்கு என்று புரியாமல் பலர் நகலெடுக்கும்போது விட்டுவிடுகிறார்கள். நான் மதிப்பை வெளிக் கண்ட்ரோலிலேயே வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை உருவாக்கும்போது அதற்குக் கொடுத்துவிடுவேன். வேலை கொஞ்சம் கூடுதல், ஆனால் யார் எப்போது திரும்ப உருவாக்கினாலும் கவலையில்லை.

சோதிக்கும்போது பிரவுசருக்குப் போக வேண்டாம். விஷுவல் ஸ்டுடியோவில் ஸ்பிளிட் பார்வையைத் திறந்து வைத்து, கட்டத்தில் மாற்றிய உடனே டேகில் எழுத்து மாறுகிறதா என்று பாருங்கள். டிசைனர் கோடில் பிரேக்பாயின்ட் வைக்க வேண்டுமென்றால், இரண்டாவது விஷுவல் ஸ்டுடியோ ஒன்றைத் திறந்து முதலாவதன் பிராசஸோடு அட்டாச் செய்யலாம். கண்ட்ரோலின் டிஎல்எல்லை (கோடைத் தொகுத்த கோப்பு) மாற்றியும் பழைய நடத்தையே தெரிந்தால், கோடைச் சந்தேகப்படும் முன் விஷுவல் ஸ்டுடியோவை ஒருமுறை மூடித் திறங்கள். பழைய டிஎல்எல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அப்புறம், ப்ராப்பர்ட்டி கட்டத்தில் சில மதிப்புகள் தடித்த எழுத்தில் தெரியும், கவனித்திருப்பீர்கள். இயல்பு மதிப்பிலிருந்து மாறியவை அவை. டேகில் எழுதப்பட வேண்டியவை. கண்ட்ரோலை இப்போதுதான் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள், எதையும் தொடவில்லை, ஆனாலும் ஷோ சிம்பலுக்கு நேரே ஃபால்ஸ் என்று தடித்த எழுத்தில் நின்றால், என் இரண்டு நாளைத் தின்ற பிழை உங்கள் கோடிலும் இருக்கிறது.