மாந்தோப்பில் ஓர் இரவு: பையன்களைத் திருதிய சோபானுக்குத் தயார்ப்படுத்துவது

சாரணர் படைக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற ஆசிரியர் யாராவது சந்தேகம் கேட்டு வந்தால், அவருடைய பையன்களின் ரெக்கார்டு நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பேன். ரீஃப் நாட், ஷீட் பெண்டு, குளோவ் ஹிட்ச், போலைன் என்று முடிச்சுகள் எல்லாம் ஸ்கெட்ச் பேனாவில் அழகழகாக இருக்கும். அதே பையன் கையில் இரண்டு மீட்டர் கயிற்றைக் கொடுத்தால் திருதிருவென்று முழிப்பான். நான் திண்டுக்கல் பக்கம் கணக்கு வாத்தியார். சாரணர் ஆசிரியர் வேலை அதோடு ஒட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஒரு வருடம் நடத்தினாலும் ஏறாதது, வெளியில் ஓர் இரவு தங்கினால் ஏறிவிடும். அந்த இரவை எப்படி அமைப்பது என்பதற்குத்தான் இது.

படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பத்து வயது முடிந்த பையன் பிரவேஷ் என்ற நுழைவுப் படியை முடித்துச் சின்னம் பெறுகிறான். அப்புறம் பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான், அதாவது முதல், இரண்டாம், மூன்றாம் படிகள். திருதிய சோபானுக்கு மாவட்ட அளவில் தேர்வு முகாம். அதைத் தாண்டினால் ஆளுநர் கையெழுத்துடன் மாநில அளவில் ராஜ்ய புரஸ்கார், அதற்கும் மேலே தேசிய அளவில் ராஷ்டிரபதி விருது. ஒவ்வொரு படிக்கும் நடுவே கட்டாயமாகச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது. அதனால் ஆறாம் வகுப்பிலேயே சேருங்கள். ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிட்டு, "சார், பத்தாவது முடிக்கிறதுக்குள்ள ராஜ்ய புரஸ்கார் கிடைக்குமா?" என்று கேட்கிற பெற்றோரிடம் காலண்டரைக் காட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

முகாமுக்கு எங்கள் பக்கத்தில் நல்ல காலம் பொங்கல் முடிந்த இரண்டு வாரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கிணற்றில் தண்ணீர் இருக்கும், ஆண்டுத் தேர்வுப் பயம் இன்னும் பிடித்திருக்காது. பனி இறங்கும், ஆளுக்கு ஒரு போர்வை அவசியம்.

இடம் என்றதும் எல்லோரும் சிறுமலைக்கு மேலே போகலாம் என்பார்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும், அங்கே தீ மூட்டவும் முடியாது. மலையடிவாரத்தில் தெரிந்தவர் பட்டா நிலமாகப் பாருங்கள். தென்னந்தோப்பு வேண்டாம். நிழல் அழகாக இருக்கும், ஆனால் நடுராத்திரியில் ஒரு நெற்றோ மட்டையோ கூடாரத்தின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மாந்தோப்பு நல்லது, பட்டுப்போன கிளை தலைக்கு மேல் இல்லாத மரமாகப் பார்த்தால் போதும். பம்புசெட் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, பெரியவர் துணையில்லாமல் யாரும் தாண்டக் கூடாது என்று முதல் நிமிடமே சொல்லிவிடுங்கள். அரசு மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்னதாகவே ஒருமுறை வண்டியில் போய்ப் பாருங்கள். பெற்றோர் சம்மதக் கடிதம், தலைமையாசிரியர் அனுமதி, உடன் வர இன்னொரு ஆசிரியர், இது மூன்றும் கையில் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

அடுத்தது அணிகள். ஓர் அணிக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர். அணித் தலைவனிடம் உண்மையான வேலையைக் கொடுங்கள்: சாமான் பட்டியல் போடுவதும் கடையில் வாங்குவதும் அவன் பொறுப்பு. ஆளுக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி, எட்டுப் பேர், மூன்று வேளை, மொத்தம் 3.6 கிலோ. இந்தக் கணக்கை அவனே போடட்டும். பட்டியலில் உப்பு விட்டுப்போயிருப்பதை நீங்கள் கவனித்தாலும் வாயைத் திறக்காதீர்கள். பக்கத்து அணியிடம் போய்க் கேட்டு வாங்கி வருவான், அடுத்த முகாமுக்கு உப்புதான் முதல் வரியில் இருக்கும்.

போய் இறங்கியதும் கூடாரம், அதன் பிறகு கட்டுமானம். 2025 ஜனவரிக் கடைசியில் மணப்பாறையில் நடந்த சாரணர் பெருந்திரளணியைப் பார்த்துவிட்டு வந்த பையன்களுக்கு எடுத்த எடுப்பிலேயே பெரிய நுழைவாயில் கட்ட ஆசை. முதலில் தட்டு அடுக்க ஒரு ஸ்டாண்டு கட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுவேன். இரண்டு அங்குல கனத்தில் சவுக்குக் கம்புகள், ஒரு கட்டுக்கு நாலு மீட்டர் கயிறு. நைலான் கயிறு வழுக்கும்; தென்னங்கயிறு அல்லது பருத்திக் கயிறு வாங்குங்கள். ஆணி எடுத்து வரவே கூடாது.

ஸ்கொயர் லாஷிங், அதாவது இரண்டு கம்பைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டும் கட்டு, போடும் முறை இது. நிற்கும் கம்பில், குறுக்குக் கம்பு உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே குளோவ் ஹிட்ச் போட வேண்டும். குட்டை முனையை நீள முனையோடு முறுக்கி ஒளித்துவிட்டு, குறுக்குக் கம்புக்கு முன்னால், நிற்கும் கம்புக்குப் பின்னால் என்று மாற்றி மாற்றி மூன்று சுற்று. சுற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. பிறகு இரண்டு கம்புக்கும் நடுவே புகுந்து, கட்டிய கயிற்றையே இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இரண்டு சுற்று. இதற்குப் பெயர் ஃப்ராப்பிங். பையன்கள் சோம்பேறித்தனப்படுவது இங்கேதான், கட்டு ஆடுவதும் இதனால்தான். கடைசியில் குறுக்குக் கம்பில் குளோவ் ஹிட்ச் போட்டு முடிக்க வேண்டும். தேர்வாளர் வரும் வரை காத்திருக்க வேண்டாம்: குறுக்குக் கம்பில் ஒரு வாளித் தண்ணீரைத் தொங்கவிடுங்கள். கட்டு இறங்கினால் அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்லுங்கள்.

ஆடு மாடு வைத்திருக்கும் வீட்டுப் பையன்களுக்குக் குளோவ் ஹிட்ச் ஏற்கெனவே கையில் இருக்கும். முளையில் ஆட்டைக் கட்டுகிற பையனுக்கு அதன் ஆங்கிலப் பெயர் மட்டும்தான் புதுசு. வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் அந்தப் பையனை முன்னால் நிறுத்திச் சொல்லிக்கொடுக்க வைப்பேன். முதல் மார்க் வாங்குபவன் அவனிடம் கயிற்றை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சமையலுக்கு வருவோம். இரண்டு தீக்குச்சிக்கு மேல் செலவழிக்காமல் அடுப்பு மூட்ட வேண்டும். மண்ணெண்ணெய், பேப்பர் கூடாது. இங்கே குச்சியை விட முன்வேலைதான் முக்கியம். பன்னாடையையும் காய்ந்த தென்னோலையையும் பனி படும் முன், மதியமே சேர்த்துக் கூடாரத்துக்குள் வைத்துவிட வேண்டும். தீக்குச்சி கனத்தில் சுள்ளி ஒரு கைப்பிடி, பென்சில் கனத்தில் இன்னொன்று, கட்டை விரல் கனத்தில் விறகு ஒரு அணைப்பு. மூன்றும் தனித்தனியாக அடுக்கிய பிறகுதான் தீப்பெட்டியைக் கையில் கொடுப்பேன். சீமைக்கருவேல விறகு நின்று எரியும், ஆனால் முள்ளை வெட்டிவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் கொண்டுவர வேண்டும். காற்று வருகிற பக்கம் அடுப்பின் வாய். பாத்திரத்தின் வெளிப்புறத்தில் ஈர மண் பூசிவிட்டால் கரி லேசில் போகும். முதல் சமையலுக்கு வெண்பொங்கல் போதும். கொஞ்சம் குழைந்தாலும் அது பொங்கல்தான்.

முதலுதவியைத் தனிப் பாடமாக நடத்த வேண்டாம். அடுப்பு எரியும் பக்கத்திலேயே தீக்காயம் பற்றிச் சொல்லுங்கள்: ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவக் கூடாது. கழுத்தில் கிடக்கிற ஸ்கார்ஃபை அவிழ்த்து அங்கேயே கைக்குத் தூளி கட்டச் சொல்லுங்கள். இருட்டும் முன் பாம்பு பற்றியும் பேசிவிட வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் நம் பக்கத்தில் உண்டு. கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் படுக்க வைத்து 108ஐக் கூப்பிட வேண்டும். ராத்திரி டார்ச் இல்லாமல் நடப்பது இல்லை, ஷூவை உதறாமல் போடுவதும் இல்லை.

திசை அறிதலில்தான் புத்தகத்தை அப்படியே நம்பக் கூடாது. இந்த இயக்கம் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முகாமில் வேர்விட்டது. கைக்கடிகாரத்தின் மணி முள்ளைச் சூரியனுக்கு நேரே பிடித்து, அதற்கும் பன்னிரண்டுக்கும் நடுவே தெற்கு என்று சொல்லும் முறை அந்த ஊருக்குப் பொருந்தும். நமக்கு ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. கடிகாரம் தலைகீழாகக் காட்டும். அதற்குப் பதில் ஒரு கம்பை நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள். 20 நிமிடம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இரண்டாவது கல். முதல் கல்லிலிருந்து இரண்டாவது கல்லுக்குப் போகிற கோடு மேற்கிலிருந்து கிழக்கு.

துருவ நட்சத்திரமும் அப்படித்தான். திண்டுக்கல் ஏறக்குறைய 10 பாகை வடக்கு அட்சரேகையில் இருப்பதால் அது அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஆக, ஒரு முஷ்டி உயரம். தோப்பு மரமே அதை மறைத்துவிடும். அதைக் காட்டும் சப்தரிஷி மண்டலம் ஜனவரியில் முழுசாக மேலே வர நள்ளிரவு ஆகிறது. ஆகவே நான் ஓரையன் என்ற நட்சத்திரக் கூட்டத்தைத்தான் காட்டுவேன். இரவு எட்டு மணிக்கே கிழக்கில் நன்றாக ஏறியிருக்கும். நடுவில் வரிசையாக இருக்கிற மூன்று நட்சத்திரங்களும் கிட்டத்தட்ட நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். விடிகாலையில் பல் தேய்க்க எழுந்திருக்கும் முதல் பையனிடம், அது இப்போது எங்கே போயிற்று என்று கேளுங்கள்.

மறுநாள் காலை உயரம் மதிப்பிடுதல். சாரணர் தடி 5 அடி, அதன் நிழல் 4 அடி. வரப்பில் நிற்கும் தென்னையின் நிழல் 36 அடி. மரம் எத்தனை அடி? எட்டாம் வகுப்பில் விகிதம் என்றாலே தூங்கி வழிகிறவர்கள் இங்கே டேப்பை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். 45 என்று முதலில் கத்துகிறவனை விட்டுவிட்டு, இரண்டு நிழலையும் ஒரே நேரத்தில்தான் அளக்க வேண்டும் என்று சொன்னவனுக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

ரெக்கார்டு நோட்டு இப்போது வெளியே வரலாம். கிளம்பும் முன், காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் மரத்தடியில் உட்கார வைத்து எழுத வையுங்கள். என்ன கட்டினோம், எத்தனை மீட்டர் கயிறு, அடுப்பு எத்தனை குச்சியில் பற்றியது, பொங்கல் எப்படி இருந்தது. மாவட்டத் தேர்வு முகாமில் கேள்விகள் இந்த நோட்டை வைத்துத்தான் தொடங்கும். தானே செய்ததை எழுதியவன் நோட்டை மூடிவிட்டும் பதில் சொல்வான். திறமைச் சின்னங்களுக்கும் இதே பக்கங்கள் உதவும். சமையலுக்கும் முதலுதவிக்கும் தனியாக வேலை தேட வேண்டியதில்லை.

கம்புகளை அவிழ்த்துக் கட்டு, அடுப்புக் குழியில் தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுச் சூடு இல்லை என்று பார்த்து மண் மூடு, குப்பையைச் சாக்கில் எடு. தோப்புக்காரர் ஒரு சுற்று வந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் பஸ் ஏற வேண்டும். திங்கட்கிழமை தேர்வு விண்ணப்பத்தில் முகாம் தேதியை எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்து வாங்கி, இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று பையனுக்கு. மாவட்ட அலுவலகத்துக்கு அசலை மட்டும் அனுப்பினால் போதும்.