காதில் விழுகிறது, சொல் புரிவதில்லை: செவித்திறன் குறைந்த முதியவரிடம் பேசும் முறை

முதுமையில் செவித்திறன் குறைந்தவர்கள் பெரும்பாலும் "காது கேட்கவில்லை" என்று சொல்வதில்லை. "நீங்கள் பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்பதுதான் புரியவில்லை" என்கிறார்கள். வீட்டிலிருப்பவர்கள் இதைச் சாக்கு என்றோ கவனக்குறைவு என்றோ எடுத்துக்கொள்வதுண்டு. ஆனால் உள்ளே நடப்பதை அந்த வாக்கியம் மிகச் சரியாகவே சொல்லிவிடுகிறது.

உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவில், ஒலி அதிர்வை உணரும் மயிர் செல்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. மனிதர்களுக்கு இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கீச்சொலி போன்ற உயர்ந்த அதிர்வெண் (நொடிக்கு மிகுந்த அதிர்வுகள்) கொண்ட ஒலிகளை ஏற்கும் செல்கள் காக்ளியாவின் தொடக்கப் பகுதியில் இருக்கின்றன. வயது ஏறும்போது முதலில் பழுதடைபவை பெரும்பாலும் இவைதாம். பேச்சில் உரத்து ஒலிப்பவை உயிரொலிகள். அவற்றின் வலு தாழ்ந்த அதிர்வெண்களில் மிகுதியாக இருக்கிறது. ச, ஸ, ட, த போன்ற மெய்களை அடையாளம் காட்டும் மெல்லிய ஒலிக்கூறுகளோ பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 2,000 அதிர்வுகளுக்கு, மேலே இருக்கின்றன. ஆகவே குரல் வந்து சேர்கிறது, சொல்லின் விளிம்பு தேய்ந்துபோகிறது. 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்பது பழமொழி. உண்மையில் சங்கின் தாழ்ந்த ஒலி முதியவரின் காதை எளிதில் எட்டிவிடும், பக்கத்திலிருப்பவர் மெல்லச் சொன்ன 'சரி'தான் எட்டாது.

காதோடு இது முடிவதுமில்லை. ஒலி எப்போது நின்றது, எப்போது மீண்டும் எழுந்தது என்று நுட்பமாக அளப்பது செவிநரம்பும் மூளையும் சேர்ந்து செய்யும் வேலை. முதுமையில் அந்தத் துல்லியமும் மங்குகிறது. 'படம்', 'பட்டம்' என்ற இரண்டையும் வேறாக்குவதில் இடையே ஒலி தடைப்படும் நேரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. விரைந்து பேசினால் இத்தகைய இடைவெளிகள் சுருங்கிவிடும். பல குரல்களுக்கு நடுவே ஒன்றை மட்டும் பிரித்தெடுக்கும் திறனும் குறைவதால், அமைதியான அறையில் நன்றாகப் பேசியவர் கூட்டத்தில் தடுமாறுகிறார். பாதி கேட்ட சொல்லை ஊகித்து நிரப்பவே மூளை உழைக்க வேண்டியிருப்பதால், கேட்டதை நினைவில் வைக்க மிஞ்சும் வலுவும் குறைவு.

இதை மனத்தில் வைத்தால் செய்ய வேண்டியவை தாமாகவே புலப்படும். பேச்சைத் தொடங்கும் முன் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். மின்விசிறியின் இரைச்சலும் ஒரு தடைதான். பிறகு அருகே செல்லுங்கள். திறந்த வெளியில் தொலைவு பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் (ஒலியின் வலுவை அளக்கும் அலகு) கூடும். நான்கு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு வந்தால், குரலை உயர்த்தாமலே 12 டெசிபல் கிடைத்துவிடும். சுவர் எதிரொலிக்கும் அறைக்குள் இந்த ஆதாயம் சற்றுக் குறையும், ஆனாலும் கத்துவதைவிட இது மேல். அடுத்த அறையிலிருந்து பேசுவதை அடியோடு விட்டுவிடுங்கள்.

பெயர் சொல்லி அழைத்து, அவர் உங்களைப் பார்த்த பிறகே விஷயத்தைத் தொடங்குங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும், முதுகுக்குப் பின்னால் சன்னல் வேண்டாம். காதுக்கு எளிதில் குழம்பும் 'ப'வும் 'த'வும் உதட்டைப் பார்த்தால் தெளிவாகிவிடும். உதட்டில் ஒன்றுபோல் தோன்றும் 'ப'வையும் 'ம'வையும் காது பிரித்துத் தரும். கண்ணும் காதும் இப்படி ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்வதால், முகக்கவசமும் வாயை மறைக்கும் கையும் பெரும் இழப்பே.

கத்துவது ஏன் பயன்படாது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கத்தும்போது பெரிதாவது முன்பே கேட்டுக்கொண்டிருந்த உயிரொலிதான். மெய்யொலி அந்த அளவுக்கு வலுப்பெறுவதில்லை. மேலும், மெல்லிய ஒலி கேட்காத காதுக்கு உரத்த ஒலியைத் தாங்கும் எல்லை உயர்ந்துவிடுவதில்லை. எனவே கேட்பதற்கும் வலிப்பதற்கும் இடைப்பட்ட பரப்பு குறுகிவிடுகிறது. "சத்தமாகச் சொல்" என்று கேட்டவரே மறுநொடி "ஏன் கத்துகிறாய்?" என்று முகம் சுளிப்பதன் காரணம் இதுதான், முன்கோபம் அன்று. இயல்பான குரலைச் சிறிதே உயர்த்தி, நிதானமாக, சொற்றொடர்களுக்கிடையே நிறுத்திப் பேசுங்கள். எழுத்தெழுத்தாக இழுத்தால் சொல்லின் வடிவமே சிதைந்துவிடும்.

புரியவில்லை என்றால் ஒரு முறை அப்படியே திருப்பிச் சொல்லலாம்; மறுமுறை வாக்கியத்தை மாற்றுங்கள். பேச்சு எதைப் பற்றியது என்று முதலில் சொல்லிவிட்டால் ஊகிப்பது எளிதாகும். 'அறுபது', 'எழுபது' போன்ற எண்களையும் மருந்தின் அளவையும் நேரத்தையும் எழுதிக் காட்டுவதே பாதுகாப்பு. "கேட்டதா?" என்று வினவினால் பலர் தலையாட்டிவிடுவார்கள், "எத்தனை மணிக்கு என்று வைத்துக்கொண்டீர்கள்?" என்று கேளுங்கள். "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.

பழைய முறைத் தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையே கடத்தும், அதற்கு மேலுள்ள மெய்யொலிக் கூறுகள் வந்து சேர்வதில்லை, முகமும் தெரியாது. முக்கியமான செய்திக்குக் காணொளி அழைப்பு நல்லது.

ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கேட்காமல் போனால் அது முதுமை அன்று, அவசரம். அன்றே காது மருத்துவரிடம் செல்ல வேண்டும். படிப்படியான குறைவுக்கும் பரிசோதனை தேவை, ஏனெனில் சிலருக்குக் காதில் அடைத்த குறும்பியே (காது அழுக்கே) காரணமாக இருக்கும்.

காது கேட்கும் கருவி ஒலியைப் பெருக்கும், இழந்த துல்லியத்தை மீட்டுத் தராது. பல ஆண்டுகள் கேட்காதிருந்த காகிதச் சரசரப்பும் பாத்திர ஓசையும் முதல் நாள் எரிச்சலூட்டுவதால், சிலர் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசத் தொடங்கி, நாள்தோறும் நேரத்தைக் கூட்டினால் மூளை சில வாரங்களில் பழகிக்கொள்ளும். எந்த ஒலி உறுத்துகிறது என்பதைக் குறித்து வைத்திருந்து கேட்பியல் வல்லுநரிடம் காட்டினால், கருவியை அதற்கேற்பத் திருத்தி அமைப்பார்.