பழைய பாட்டைப் புதிய குரலில் கேட்பது எப்படி?

1982-இல் வந்த 'இளைய நிலா பொழிகிறதே' மாதிரி பாட்டை வேறொருவர் பாடினால், எடுத்தவுடன் எஸ்.பி.பி.யோடு ஒப்பிடாதீர்கள், அது யாருக்கும் நியாயமில்லை.

முதலில் மூலப் பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் கிடார், அதாவது அடியில் கனமாக ஒலிக்கும் கிடார், காணாமல் போகும். இளையராஜா பாட்டுக்கு பாதி உயிரே அதுதான். புதியவர்கள் அதை விட்டிருந்தால் பாட்டு வெறுமையாக ஒலிக்கும்.

அடுத்து வேகம். இரண்டிலும் 15 வினாடிக்கு எத்தனை தாளத் தட்டு என்று எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு நிமிடத்துக்கான வேகம் கிடைக்கும், அதை ஒப்பிடுங்கள். ரொம்பவும் இழுத்தால் மூச்சு போதாமல் 'பொழி' என்று நிறுத்தி 'கிறதே' என்று தொடர்வார்கள்.

இடையிசையில் புல்லாங்குழலுக்குப் பதில் வயலின் வந்தால் தப்பில்லை. அதை அப்படியே வெட்டிவிட்டுச் சரணத்துக்குத் தாவுவதுதான் பெரிய குறை.

சென்னை மெல்லிசைக் கச்சேரிகளில் ஸ்பீக்கர் அருகே உட்காராமல், எல்லா ஒலிகளையும் கலந்து அளவு கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் கருவியின் பக்கமாக இடம் பிடியுங்கள். ஒலியைச் சரிபார்ப்பவர் கேட்பதே உங்களுக்கும் கேட்கும்.