விரல் எடுத்ததும் நிற்க வேண்டும்: டைப் அடிக்கும் கீபோர்டில் ஓர் இசைக்கருவி

கணினிக் கீபோர்டில் வாசிக்கும் இசை மென்பொருளைத் தனியாள் ஒருவரே எழுதிவிடலாம். பிரவுசருக்குள்ளேயே ஒலியை உருவாக்கும் வெப் ஆடியோவும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியும் போதும். ஒலியை எழுப்புவது சுலபம். விரலை எடுத்த கணத்தில் அது ஒழுங்காக நிற்பதுதான் பெரும்பாடு.

ஒவ்வொரு விசைக்கும் பிரவுசர் இரண்டு பெயர் தரும். 'கீ' என்பது அந்த விசை தரும் எழுத்து. 'கோட்' என்பது விசை இருக்கும் இடம். எப்போதும் 'கோட்'டையே பயன்படுத்துங்கள். தமிழ்99 போட்டிருப்பவருக்கு ஏ விசையில் 'அ' வரும்; 'கீ'யை நம்பினால் அவருக்கு ஒலியே வராது.

நடு வரிசையில் ஏ முதல் கே வரை 8 விசைகள் பியானோவின் வெள்ளைக் கட்டைகள். மேல் வரிசையில் டபிள்யூ, ஈ, டீ, ஒய், யு கருப்புக் கட்டைகள். கர்நாடக இசை கற்பவருக்கு அதே 8 விசைகளில் மாயாமாளவகௌளை ராகத்தை வைக்கலாம்: ஷட்ஜமத்திலிருந்து 0, 1, 4, 5, 7, 8, 11, 12 அரைச் சுரங்கள் தள்ளி. சரளி வரிசை விரல் மாறாமல் வரும். சுருதிக்கு ஒரே எண்ணை, ஷட்ஜமத்தின் மிடி எண்ணை (ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கணினி இசையில் உள்ள எண்), மாற்றினால் போதும்: 1 கட்டை சுருதிக்கு 60, 5 கட்டைக்கு 67, கீழ் ஸ்தாயி வேண்டுமானால் 55.

அதிர்வெண்ணுக்கு, ஸ்வரத்தின் மிடி எண்ணிலிருந்து 69-ஐக் கழித்து 12-ஆல் வகுங்கள். 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி 440-ஆல் பெருக்குங்கள். 60-க்கு 261.63 ஹெர்ட்ஸ் வர வேண்டும்.

பக்கம் திறந்தவுடன் ஒலிக்கப் பிரவுசர் விடாது. முதல் விசை அழுத்தத்தில் ஆடியோ கான்டெக்ஸ்டை (வெப் ஆடியோவின் ஒலி இயந்திரம்) 'ரெஸ்யூம்' செய்யுங்கள். விசையைப் பிடித்திருந்தால் 'கீடவுன்' (விசை அழுந்தியது என்ற செய்தி) திரும்பத் திரும்ப வரும். அதிலுள்ள 'ரிபீட்' குறி உண்மையானால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு 'ச' மேல் இன்னொரு 'ச' ஏறிக் காதைக் கிழிக்கும்.

இனி நிறுத்துவது. எந்தக் 'கோட்' எந்த ஒலியைத் தொடங்கியது என்று ஒரு பட்டியல் வைத்து, 'கீஅப்' (விசை விடுபட்டது என்ற செய்தி) வந்ததும் அதிலிருந்தே எடுத்து நிறுத்துங்கள். ஸ்வரத்தை மறுபடி கணக்கிட்டுத் தேடாதீர்கள்: விசை அழுந்தியிருக்கும்போதே ஸ்தாயி மாறினால் கணக்கு வேறு ஸ்வரத்தைத் தரும், பழையது நிற்காமல் ஒலிக்கும்.

சட்டென்று வெட்டினால் 'டக்' என்று கேட்கும், அலை பாதியில் பூஜ்யத்துக்குக் குதிப்பதால். 'கெயின்' (ஒலியின் அளவு) 5 மில்லிநொடியில் ஏறட்டும். இறங்கும்போது, முதலில் நிலுவையிலுள்ள மாற்றங்களை ரத்து செய்து, இப்போதைய மதிப்பிலிருந்து 'செட்டார்கெட்அட்டைம்' கட்டளை மூலம் 0.03 நொடி நேர மாறிலியில் (இறங்கும் வேகத்தைக் குறிக்கும் எண்) இறக்குங்கள். அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரை 0.3 நொடி கழித்து நிறுத்துங்கள்.

வாசிக்கும்போது வேறு சாளரத்துக்குப் போனால் 'கீஅப்' உங்களுக்கு வராது. மேக்கில் கமாண்ட் அழுந்தியிருக்கும்போது மற்ற விசைகளின் 'கீஅப்'பும் வராது. 'பிளர்' நிகழ்வு (சாளரம் கவனத்தை இழப்பது), கமாண்ட் விடுபடுதல் இரண்டிலும் எல்லா ஒலியையும் நிறுத்துங்கள். எஸ்கேப் விசைக்கும் அதே வேலையைக் கொடுத்துவிடுங்கள். மேடையில் வாசிப்பவருக்கு அது உயிர்நாடி.

சில மூன்று விசைக் கூட்டுகளில் மூன்றாவது ஒலிக்காது. விலை குறைந்த கீபோர்டில் விசைகள் கம்பி வலையில் இருக்கின்றன; வலைச் சதுரத்தின் மூன்று மூலைகளை அழுத்தினால் நான்காவதும் அழுந்தியதா என்று பிரித்தறிய முடியாமல் கீபோர்டே ஒன்றைத் தடுத்துவிடும். நிரல் எழுதி இதைச் சரிசெய்ய முடியாது. அழுந்திய விசைகளைத் திரையில் காட்டி, இடம் மாற்றிக்கொள்ள வசதி கொடுங்கள்.

ஒவ்வொரு ஒலிக்கும் அளவு 0.2, கடைசியில் ஒரு கம்ப்ரெசர் (மிகையான ஒலியை அடக்குவது): பல விசைகளைச் சேர்த்து வாசித்தாலும் கரகரக்காது. தாமதத்தைக் கம்பி ஹெட்போனில் மட்டும் சோதியுங்கள். புளூடூத் பெரும்பாலும் தானாகவே 100 மில்லிநொடிக்கு மேல் சேர்த்துவிடும்.

லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் பகுதி) சேர்க்கும்போது ஜாவாஸ்கிரிப்டின் 'செட்டைம்அவுட்' டைமரை மட்டும் வைத்துத் தாளம் போடாதீர்கள், தடுமாறும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் கால் அடிக்கு 0.125 நொடி. 25 மில்லிநொடிக்கு ஒருமுறை விழித்து, அடுத்த 100 மில்லிநொடிக்குள் வரும் ஒலிகளை ஆடியோ கடிகாரத்தில் முன்பதிவு செய்யுங்கள். டேப் பின்னால் போனால் டைமர் நொடிக்கு ஒருமுறையாகச் சுருங்கும். அதனால் டைமரை வெப் வொர்க்கரில் (பின்னணியில் தனியாக ஓடும் நிரல்) வையுங்கள்.