ரமழான் இரவுகளில் பள்ளிவாசல் தெருவில் வண்டி நிறுத்தும் முறை

சென்னை மண்ணடியின் தெருக்கள் பகலெல்லாம் மொத்த வியாபாரத்துக்கான சரக்கு வாகனங்களால் நிறைந்திருப்பவை. ரமழான் மாதத்தில் பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பிறகு நோன்புக் கஞ்சி வாங்க வருவோர், நோன்பு திறக்க வருவோர், ரமழான் இரவுத் தொழுகையான தராவீஹ் தொழ வருவோர், அதன்பின் இரவுக் கடைகளில் சாப்பிட வருவோர் என அலை அலையாக வண்டிகள் அங்கே வந்து சேர்கின்றன. திருவல்லிக்கேணியில் 1795 இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்கு இருப்பதைப் போன்ற விரிந்த வளாகம் எல்லாப் பள்ளிவாசல்களுக்கும் வாய்ப்பதில்லை. நான் தொழும் பள்ளிவாசலின் முன்னே ஒரு கார் நின்றுவிட்டால், அதைத் தாண்டி ஓர் ஆட்டோ போவதே பெரும்பாடு. அந்தத் தெருவில் வண்டிகளை ஒழுங்குபடுத்த நிற்கும் தொண்டர்களில் ஒருவன் என்ற முறையில், பார்த்துக் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், பலர் நம்பியிருக்கும் ஓர் ஏற்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கைப்பேசி எண்ணைச் சீட்டில் எழுதிக் கண்ணாடியில் வைத்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று நினைக்கிறார்கள். தொழுகைக்கு நிற்பவர் கைப்பேசியை அணைத்து வைத்திருப்பார். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆகவே, அந்த எண் மிகவும் தேவைப்படும் ஒன்றரை மணி நேரத்தில்தான் அது பயன்படாது. ஒலிபெருக்கியில் வண்டி எண்ணை அறிவிப்பதென்றாலும், தொழுகையை நடத்தும் இமாம் ஸலாம் கொடுத்து அதை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். சீட்டு வையுங்கள், தவறில்லை. ஆனால் உங்களை யாரும் அழைக்கத் தேவையில்லாத இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். மற்ற எல்லா யோசனைகளும் இதிலிருந்து பிறப்பவைதான்.

பத்து நிமிட நடை தொலைவில் இருப்பவர்கள் வண்டியை எடுக்கவே வேண்டாம். தொலைவிலிருந்து வருபவர்களுக்கு, 2019 முதல் இயங்கும் மண்ணடி மெட்ரோ நிலையம் இருக்கிறது. திரும்பும்போது கடைசி ரயிலின் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியில்தான் வந்தாக வேண்டும் என்றால், தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் உளூவை வீட்டிலேயே செய்துகொண்டு கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். தொழுகை தொடங்கப்போவதை அறிவிக்கும் இகாமத் கேட்டதும் ஓடி வராதீர்கள், நிதானத்துடன் நடந்து வாருங்கள் என்பது நபிமொழி. தெருமுனையில் இகாமத் கேட்டவுடன் வண்டியைக் கிடைத்த வாசலில் போட்டுவிட்டு ஓடுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

கஞ்சி நேரத்தில் ஆபத்து வேறு வகையானது. வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் சிறுவர்கள். கையில் கொதிக்கும் கஞ்சி நிறைந்த தூக்குவாளி இருக்கும், பார்வை அது தளும்பாமல் இருப்பதிலேயே இருக்கும். நிறுத்தப்பட்ட இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து அவர்கள் சட்டென்று வெளியே வருவார்கள். “ரெண்டு நிமிஷம்தான் பாய்” என்று சொல்லி எஞ்சினை ஓடவிட்டபடி வரிசையின் ஓரமாக ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பதை அருள்கூர்ந்து தவிர்த்துவிடுங்கள். அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு, மூடி இறுக்கமான பாத்திரத்துடன் நடந்து வாருங்கள். கஞ்சியைக் கைப்பிடியில் தொங்கவிட்டு ஓட்டுவதும் நல்லதல்ல. திருப்பத்தில் பாத்திரம் முழங்காலில் இடித்துக் கால் வெந்துபோனவரை நான் கண்டிருக்கிறேன்.

நோன்பு திறக்கும் நேரத்துக்கு முந்தைய பத்து நிமிடம்தான் நாளிலேயே மோசமான பத்து நிமிடம். பசியும் தாகமும் களைப்பும் சேர்ந்து கண்ணை மந்தமாக்கியிருக்கும், வெளிச்சமும் மங்கியிருக்கும். சட்டைப்பையில் இரண்டு பேரீச்சம்பழமும் பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தால், வழியிலேயே ஓரமாக நிறுத்தி நோன்பைத் திறந்துகொள்ளலாம். தொழுகை அழைப்பான பாங்குக்கு முன் எப்படியாவது போய்ச் சேர வேண்டும் என்ற பதற்றம் அதோடு போய்விடும்.

தராவீஹுக்கு வருபவர்கள், எப்போது வெளியேறப் போகிறோம் என்பதை முடிவுசெய்த பிறகே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருபது ரக்அத், அதாவது இருபது சுற்றுத் தொழுகை, நடக்கும் பள்ளிவாசலில் எட்டு முடிந்ததும் கிளம்புபவர்கள் எப்போதும் ஒரு பகுதியினர் உண்டு. அது சரியா என்ற விவாதம் இந்தக் கட்டுரைக்குரியதல்ல. அவர்கள் முதலில் வந்து சுவரோரம் நிறுத்திவிட்டு, பின்னால் நான்கு வரிசை சேர்ந்தபின் எடுக்க முயல்வதால்தான் பாதித் தொழுகையில் வாசலில் இரைச்சல் எழுகிறது. முன்னதாகப் போகிறவர் தெருமுனைப் பக்கமாகவும், இறுதியில் தொழும் வித்ர் முடியும்வரை இருப்பவர் உள்பக்கமாகவும் நிறுத்தினால் போதும்.

இருசக்கர வாகனத்தின் பின்சக்கரம் சுவரைப் பார்க்க, முன்சக்கரம் தெருவைப் பார்க்கச் சற்றுச் சாய்வாக நிறுத்துங்கள். எடுக்கும்போது பின்னோக்கித் தள்ள வேண்டியிராது. சைடு ஸ்டாண்டைவிட நடு ஸ்டாண்ட் நல்லது. அது குறைந்த இடத்தை அடைப்பதோடு, ஒரு வண்டி சரிந்தால் வரிசை முழுவதும் சீட்டுக்கட்டைப் போலச் சாய்வதையும் தடுக்கும். சைலன்சர் நடப்பவர்களின் பக்கம் இல்லாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். சூடு ஆறாத சைலன்சரில் குழந்தைகளின் கால் படுவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. தொண்டர்கள் காவல் இருக்கும் இடத்தில் ஹேண்டில் லாக் போட வேண்டாம், சாவியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லாக் போட்ட ஸ்கூட்டரை நான்கு பேர் தூக்கி நகர்த்த வேண்டியிருக்கிறது, அலாரம் வேறு அலறித் தொழுகையைக் கெடுக்கிறது. காவல் இல்லாத இடத்தில் கட்டாயம் லாக் போடுங்கள். அப்படியானால் யாரும் நகர்த்தத் தேவைப்படாத இடமாகவும் அது இருக்க வேண்டும்.

காரில் வருபவர்கள் பக்கக் கண்ணாடிகளை மடித்து, சக்கரங்களை நேராக்கி, ஓரத்தை ஒட்டி நிறுத்துங்கள். நான்கு இன்டிகேட்டரையும் எரியவிட்டால் எங்கும் நிற்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நடைபாதை, தெருச் சந்திப்பு, திருப்பம், பேருந்து நிறுத்தம், மருத்துவமனை மற்றும் பள்ளிக்கூட வாயில், பிறர் வீட்டு வாசல், நின்றிருக்கும் வண்டியின் பக்கத்தில் இரண்டாவது வரிசை ஆகிய அனைத்தும் ரமழானிலும் தடை செய்யப்பட்ட இடங்களே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி பொதுவான விதிமீறலுக்கு முதல்முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய் வரை அபராதம். அவசர ஊர்திக்கு வழிவிடாமல் தடுத்தால் 10,000 ரூபாய் வரை போகும்.

ஆம்புலன்ஸைப் பற்றிச் சொல்லும்போது ஓர் இரவு நினைவுக்கு வருகிறது. எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பெரியவருக்கு மூச்சுத் திணறல் வந்து, 108 வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது. எதிரெதிரே நின்ற இரண்டு கார்கள், தனித்தனியே பார்த்தால் இரண்டுமே ஓரமாகத்தான் நின்றிருந்தன. ஆனால் இடையில் ஆம்புலன்ஸ் நுழையவில்லை. ஸ்ட்ரெச்சரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் செருப்புக் குவியலையும் பைக் வரிசையையும் தாண்டித் தூக்கிப்போனோம். நல்லவேளையாக அவர் பிழைத்தார். அன்று முதல், மாலையில் சுண்ணாம்புத் தூளால் தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும் கோடு போடுகிறோம். அந்தக் கோட்டுக்கு மறுபக்கம் இடம் காலியாகத் தெரிந்தாலும் நிறுத்தாதீர்கள். அது காலி இடமல்ல, வழி. கோடு இல்லாத தெருவில், குப்பை லாரி தடையின்றிப் போகுமா என்று கண்ணால் அளந்து பாருங்கள்.

பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளிடம் தராவீஹுக்கு என்று ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. அவர்கள் மூவராக ஏறி, தலைக்கவசமின்றி, தொழுகை முடிந்த பின் தெருத்தெருவாகச் சுற்றுகிறார்கள். பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் கிடைக்கலாம், வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். வீட்டுப் பெரியவரோடு நடந்து வரட்டும்.

வெளியேறும்போது ஹாரன் அடிப்பதால் முன்னால் நிற்பவர் வேகமாக நகரப்போவதில்லை. இந்த ஆண்டுகளில் ரமழான் பொதுத்தேர்வுக் காலத்தை ஒட்டி வருகிறது; மாடியில் விளக்கெரிந்தால் யாரோ படிக்கிறார்கள் என்று பொருள். ஹெட்லைட்டைத் தாழ்வாக வையுங்கள், புர்கா அல்லது துப்பட்டா பின்சக்கரத்தில் சிக்காமல் மடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகு வண்டியை நகர்த்துங்கள்.

விடிய விடிய வணக்கம் நடக்கும் ரமழானின் இருபத்தேழாம் இரவில் வண்டிகள் ஸஹர் என்ற விடியலுக்கு முந்தைய உணவு நேரம் வரை நிற்கும் என்பதால், அன்று தெருவில் கார் நிறுத்துவதையே விட்டுவிடுவது நல்லது. அக்கம்பக்கத்து வீட்டாரிடம், அவர்கள் எந்த மதத்தவராயினும், அன்றிரவு வண்டி எடுக்க வேண்டியிருக்குமா என்று பகலிலேயே கேட்டு வைக்கிறோம். சொன்னால் அந்த வாசலில் ஒரு நாற்காலி போட்டு ஓர் ஆளை உட்கார வைத்துவிடுவோம். பெருநாள் காலையில் அனைவரும் ஒரே நேரத்தில் வெளியேறுவார்கள். வண்டியின் முகம் வெளிப்பக்கம் பார்க்கும்படி நிறுத்துங்கள். தொழுகைக்குப் பின் கட்டித் தழுவி வாழ்த்துச் சொல்வதைப் பள்ளிவாசலுக்குள்ளேயே முடித்துக்கொண்டு வெளியே வந்தால் நல்லது. சாவியைப் போட்டு வண்டியைப் பாதி வெளியே எடுத்த நிலையில் பழைய நண்பரைக் கண்டு இறங்கிவிடுபவர்களால், பின்னால் முப்பது பேர் புத்தாடையோடு வெயிலில் நிற்கிறார்கள்.