போன் அப்டேட்டுக்குப் பிறகு ஒலிநூலில் அத்தியாயங்களைக் காணவில்லையா? ஒவ்வொரு படியாக மீட்பது எப்படி

முந்திய நாள் வரை இருபத்தாறு அத்தியாயங்களும் பட்டியலாக நின்றன. இரவு போன் அப்டேட் ஆகி அணைந்து எழும்பிய பிறகு, அதே நூல் ஒன்பதரை மணித்தியால ஒற்றைத் தடமாக ஓடுகிறது. இது சின்னச் சிரமம் இல்லை. திரையின் அடியிலுள்ள ஓட்டக்கோடு 6 சென்ரிமீற்றர் நீளம் என்றால், 570 நிமிடங்கள் 60 மில்லிமீற்றருக்குள் அடங்கவேண்டும். விரல் ஒரு மில்லிமீற்றர் அசைந்தால் கதை ஒன்பதரை நிமிடம் தாவும். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில், அந்தக் குலுக்கத்தில், விட்ட இடத்தைப் பிடிக்கவே முடியாது.

போன் அப்டேட் ஒலிநூல் கோப்பைத் தொடுவதில்லை. கோப்பைத் திறக்கிற அப், அந்த அப்புக்கு இருந்த அனுமதி, பூட்டுத்திரையில் தெரியும் பொத்தான்கள், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் மாறியிருக்கும். ஆகவே பதறாமல், அன்ட்ரொயிட் போன்களுக்கான கீழேயுள்ள படிகளை அதே ஒழுங்கில் பாருங்கள். பலருக்கு இரண்டாம் மூன்றாம் படியோடு வேலை முடிந்துவிடும்.

தொடங்க முன்

அப்பை அழித்துத் திரும்பப் போடாதீர்கள். செற்றிங்ஸில் அந்த அப்பின் ஸ்டோரேஜ் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். 'கிளியர் கேஷ்' என்பதால் சேதமில்லை. 'கிளியர் டேட்டா' என்பதை அழுத்தினால் நீங்கள் கேட்ட இடம், போட்ட புத்தகக்குறிகள் எல்லாம் போய்விடும். மெமரி காட் 'சேதமடைந்துள்ளது, ஃபோர்மற் செய்யவா' என்று போன் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காட்டைக் கழற்றி ரீடரில் போட்டு, கணினியில் முதலில் பிரதி எடுங்கள்.

நூல் இப்போது எந்த மணி, எந்த நிமிடத்தில் நிற்கிறது என்பதை ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். இதைச் செய்யாமல் போனவர்கள்தான் பிறகு அதிகம் வருந்துவார்கள்.

படி 1: உங்களிடம் இருப்பது எந்த வகை?

ஃபைல் மனேஜரில் நூலைத் தேடி, அழுத்திப் பிடித்து, 'டீற்றெயில்ஸ்' பாருங்கள். பெயரின் வால் (கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்) எம்4பி (m4b) என்றிருந்தால், முழு நூலும் ஒரே கோப்பு. அத்தியாய அட்டவணை அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு போல்டருக்குள் பல எம்பி3 இருந்தால் ஒவ்வொரு கோப்பும் ஒரு அத்தியாயம். ஒரே ஒரு நீண்ட எம்பி3 என்றால் கொஞ்சம் சிக்கல்: எம்பி3-க்குள்ளும் அத்தியாயக் குறி வைக்கலாம், ஆனால் அதை வாசிக்கிற புளேயர்கள் குறைவு.

பார்வைக் குறைபாடுள்ளவர்களுக்கான டெய்சி நூல் என்றால் கதை வேறு. அந்தப் போல்டரில் எம்பி3 கோப்புகளோடு ஸ்மில் (smil) என்ற வால் கொண்ட கோப்புகளும், பழைய டெய்சி 2.02 வகையில் என்சிசி (ncc) என்று பெயருள்ள ஒரு கோப்பும் இருக்கும். தலைப்புக்குத் தலைப்பு, பக்கத்துக்குப் பக்கம் தாவும் வசதி முழுவதும் அந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது. எம்பி3-களை மட்டும் புதிய போனுக்கு மாற்றிவிட்டு வழிசெலுத்தலைக் காணவில்லை என்று தேடிப் பயனில்லை. முழுப் போல்டரையும் அப்படியே மாற்றி, ஈஸிரீடர் போன்ற டெய்சி அறிந்த அப்பில் திறக்கவேண்டும்.

காசு கொடுத்து வாங்கி, விற்ற கடையின் அப்புக்குள்ளேயே கேட்கும் நூல் என்றால், தரவிறக்கத்தை மட்டும் நீக்கிவிட்டு வைஃபையில் மீண்டும் இறக்குங்கள். வாங்கிய உரிமை கணக்கில் இருக்கும். 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 29 எம்பி. பத்து மணித்தியால நூலுக்கு 290 எம்பி வரை போகும். டேட்டா காட்டில் இறக்கமுன் யோசியுங்கள்.

படி 2: எந்த அப் திறக்கிறது?

அதிகம் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஃபைல் மனேஜரில் நூலைத் தட்டியபோது முன்பு ஒலிநூல் அப் திறந்தது. அப்டேட் அந்தத் தெரிவை அழித்துவிட்டால், அடுத்த தட்டலில் போனோடு வந்த பாட்டு புளேயர் திறக்கும். எம்4பி கோப்பை அது ஒரு பாட்டாகவே பார்க்கும். உள்ளேயுள்ள அத்தியாய அட்டவணையைக் கணக்கெடுக்காது. ஒலி வரும், பட்டியல் வராது.

ஃபைல் மனேஜரை விட்டுவிட்டு, ஒலிநூல் அப்பை நேரடியாகத் திறந்து அதன் நூலகத்தில் இருந்து நூலைத் தட்டுங்கள். பட்டியல் வந்துவிட்டால் மிச்சப் படிகள் தேவையில்லை. பழைய தெரிவைத் திரும்ப வைக்க: செற்றிங்ஸ் → அப்ஸ் → பாட்டு புளேயர் → 'ஓபன் பை டிஃபோல்ற்' → 'கிளியர் டிஃபோல்ற்ஸ்'. அடுத்த முறை எதில் திறப்பது என்று போன் கேட்கும். ஒலிநூல் அப்பைக் காட்டி 'ஓல்வேய்ஸ்' அழுத்துங்கள்.

படி 3: அனுமதியும் போல்டரும்

நூலே நூலகத்தில் இல்லை, அல்லது 26 அத்தியாயத்தில் சிலது மட்டும் தெரிகிறது என்றால் அனுமதியைப் பாருங்கள். அன்ட்ரொயிட் 13-இல் இருந்து, எல்லா ஊடகக் கோப்புகளுக்கும் ஒன்றாகக் கொடுத்த பழைய அனுமதி பிரிக்கப்பட்டுவிட்டது. படத்துக்கும் வீடியோவுக்கும் ஒன்று, ஒலிக்கு வேறொன்று. செற்றிங்ஸ் → அப்ஸ் → உங்கள் ஒலிநூல் அப் → பெர்மிஷன்ஸ். அங்கே 'மியூசிக் அன்ட் ஓடியோ' என்பது 'அலௌ' நிலையில் இருக்கவேண்டும்.

வொய்ஸ், ஸ்மார்ட் ஓடியோபுக் புளேயர் போன்ற அப்களில் நூல்கள் உள்ள போல்டரை நீங்களே காட்டவேண்டும். மெமரி காட்டில் நூல் வைத்தவர்களுக்கு இந்த இணைப்பு அறுந்துபோவதுண்டு. அப்பின் செற்றிங்ஸில் போல்டரை நீக்கி, திரும்பத் தெரிவு செய்யுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அன்ட்ரொயிட் 11 முதல், போனின் உள்சேமிப்பை முழுதாகவோ, மெமரி காட்டை முழுதாகவோ, டவுன்லோட் போல்டரையோ ஒரு அப்புக்கு இப்படித் திறந்துவிட போன் சம்மதிக்காது. 'யூஸ் திஸ் போல்டர்' பொத்தான் மங்கலாகவே கிடக்கும். டவுன்லோடுக்குள் நூல் வைத்திருந்தவர்கள் 'முந்தி வேலை செய்ததே' என்று குழம்புவது இதனால்தான். உள்சேமிப்பில் 'ஒலிநூல்கள்' என்று புதுப் போல்டர் திறந்து, அதற்குள் ஒரு நூலுக்கு ஒரு போல்டராக நகர்த்துங்கள். இரண்டு நூல்களின் கோப்புகளை ஒரே போல்டரில் கொட்டினால், பல அப்கள் இரண்டையும் ஒரு நூலாகக் கலந்துவிடும்.

படி 4: நூலைத் திரும்பப் படிக்கவைத்தல்

நூல் இருக்கிறது, ஓடுகிறது, சரியான அப்பில்தான் இருக்கிறது, பட்டியல் மட்டும் வெறுமை. பல அப்கள் அத்தியாய அட்டவணையை நூல் சேர்க்கும்போது ஒருமுறைதான் வாசித்து, தங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு கெட்டுப்போனால் வெறுமைதான் தெரியும். நூலகத்தில் இருந்து நூலை நீக்குங்கள். அப்போது 'கோப்பையும் அழிக்கவா' என்று கேட்டால் இல்லை என்று சொல்வது முக்கியம். பிறகு அப்பை மூடி, போனை ஒருமுறை அணைத்துப் போட்டு, நூலைத் திரும்பச் சேருங்கள். கடதாசியில் எழுதிய நேரம் இப்போது உதவும்.

படி 5: பூட்டுத்திரையில் மட்டும் காணவில்லை என்றால்

அப்புக்குள் பட்டியல் சரியாக இருக்கிறது. பூட்டுத்திரையில் 'அடுத்த அத்தியாயம்' இருந்த இடத்தில் 30 விநாடி தாவும் பொத்தான் வந்துவிட்டது. அன்ட்ரொயிட் 13 இந்த இடத்தில் முறையையே மாற்றியது. முன்பு அப் தன் அறிவித்தலில் என்ன பொத்தான் வைத்ததோ அதையே போன் காட்டியது. 13-க்கென்று எழுதிய அப்களுக்கு, புளேயர் தன் நிலையாக எதை அறிவிக்கிறதோ அதை வைத்து போனே பொத்தான்களை அடுக்குகிறது. ஆகவே இதை மாற்றும் இடம் போன் செற்றிங்ஸில் இல்லை. ஒலிநூல் அப்பின் செற்றிங்ஸில், பூட்டுத்திரை, அறிவித்தல் அல்லது ஹெட்செற் என்ற பெயரில் இருக்கும். அங்கே 'அடுத்த தடம்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அப்படியொன்றும் இல்லாவிட்டால் பிளே ஸ்ரோரில் அந்த அப்புக்குப் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

புளூடூத் இயர்போனை இரண்டுதரம் தட்டுவதும் இதே கணக்குத்தான். இயர்போன் 'அடுத்தது' என்று மட்டும் சொல்லும். அதை அத்தியாயமாக எடுப்பதா, 30 விநாடியாக எடுப்பதா என்று தீர்மானிப்பது அப். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ரோக்பேக் (TalkBack) வைத்துக் கேட்பவர்களுக்கு இந்தச் செற்றிங் பெரிய காரியம், ஒருமுறை உட்கார்ந்து சரிசெய்து கொடுங்கள்.

படி 6: கோப்பே பழுதா என்று கணினியில் பார்த்தல்

இவ்வளவுக்கும் வரவில்லையென்றால் கேபிளைச் செருகி, போனில் 'ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்' தெரிவுசெய்து, நூலைக் கணினிக்கு எடுங்கள். விஎல்சி புளேயரில் திறந்து 'பிளேபக்' மெனுவில் 'சப்ரர்' (Chapter) என்பதைப் பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இன்னும் தெளிவு: கீழே 'மெனு' என்ற பகுதியில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்க நேரமும் தலைப்பும் வரும். அங்கே இருந்தால் கோப்பு நலம். அங்கும் இல்லையென்றால், யாரோ வேறு வடிவத்துக்கு மாற்றியபோது குறிகள் உதிர்ந்திருக்கலாம். மூலக் கோப்பைத்தான் தேடவேண்டும். வெளிநாட்டு உறவினரிடம் வட்ஸ்அப்பில் கேட்டால், 'ஓடியோ' என்று அனுப்பாமல் 'டொக்கியூமென்ற்' என்று அனுப்பச் சொல்லுங்கள். 2 ஜிபி வரை, கோப்பு மாறாமல் வரும்.

எம்4பி-க்குள் அத்தியாயங்களை எழுத இரண்டு முறைகள் உண்டு. ஒன்று நீரோ பட்டியல், மற்றது குயிக்டைம் முறையில் தனித் தடமாக எழுதுவது. ஆப்பிள் கருவிகள் பார்ப்பது இரண்டாவதை. நீரோ முறையில் பொதுவாக 255 அத்தியாயங்களுக்கு மேல் கொள்ளாது. நூற்றுக்கணக்கான பாடல்களைத் தனித்தனி அத்தியாயமாக்கிய திருமுறை ஒலிநூல்களில் பிற்பகுதி காணாமல் போனால் அதையும் சந்தேகியுங்கள். அப் தன் வாசிப்பு முறையை மாற்றினால், ஒரே கோப்பு ஒரு போனில் பட்டியலோடும் மற்றதில் வெறுமையாகவும் தெரியும்.

படி 7: இனி எந்த அப்டேட்டும் குலைக்காதபடி பிரித்து வைத்தல்

எங்கள் கருத்தில், திரும்பத் திரும்பக் கேட்கும் நூலுக்கு இதுதான் நிலையான வழி. அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு என்று இருந்தால், சாதாரண பாட்டு புளேயர்கூட 'அடுத்தது' என்றால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகும்.

லொஸ்லெஸ்கட் என்ற மென்பொருளைக் கணினியில் போட்டு எம்4பி-யைத் திறவுங்கள். கோப்புக்குள் அத்தியாயங்கள் இருக்கின்றன, அவற்றை வெட்டுத் துண்டுகளாக எடுக்கவா என்று கேட்கும். ஆம் என்றால் பக்கத்தில் துண்டுகள் வரிசையாக வரும். துண்டுகளைத் தனித்தனிக் கோப்பாக எடுக்கும் தெரிவை வைத்து 'எக்ஸ்போர்ட்' அழுத்துங்கள். பிழை என்று நின்றால் பெரும்பாலும் அட்டைப்படம்தான் காரணம். தடப் பட்டியலில் அந்தப் படத்தை நீக்கிவிட்டுத் திரும்ப அழுத்துங்கள். ஒலியை மறுபடி சுருக்காமல் வெட்டுவதால் தரம் குறையாது. எம்4பி-க்குள் வழக்கமாக இருக்கும் ஏஏசி வகை ஒலியை வெட்டக்கூடிய மிகச் சிறிய அலகு ஏறக்குறைய 23 மில்லிசெக்கன். வெட்டு அந்தளவு முன்பின் போனாலும் காதுக்குத் தெரியாது. வந்த கோப்பின் வால் எம்பி4 (mp4) என்றிருந்தால் எம்4ஏ (m4a) என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் போன் வீடியோவோடு சேர்த்துவிடும்.

பெயர் வைக்கும்போது 1, 2, 3 என்று போடாதீர்கள். சில அப்கள் எழுத்து வரிசையில் அடுக்கும். 1-க்கு அடுத்து 10, 11 என்று போய் 2 பின்னால் வரும். கதையின் முடிவு நடுவில் வந்துவிடும். 01, 02 என்றும், நூறைத் தாண்டினால் 001, 002 என்றும் வையுங்கள். எம்பி3டாக் மென்பொருளில் எல்லாக் கோப்பையும் தெரிந்து, ஒரே 'அல்பம்' பெயர் கொடுத்து, 'ஓட்டோ நம்பரிங் விசாட்' மூலம் தட எண்ணும் போடுங்கள். கோப்பின் பெயரும் தட எண்ணும் ஒரே ஒழுங்கில் இருந்தால் எந்த அப்புக்கும் குழப்பமில்லை.

தலைப்புகள் ஆங்கில எழுத்துக் கோர்வையாகப் புரியாமல் தெரிந்தால், அவை பெரும்பாலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள். எம்பி3 என்றால் எம்பி3டாக்கின் செற்றிங்ஸில் யூடிஎஃப்-16 (UTF-16) தெரிவு இருக்கவேண்டும்.

ஐபோன்காரர்கள் புக்பிளேயர் அப்பில் பிரித்த கோப்புகளை ஒன்றாகத் தெரிந்து ஒரே நூலாகச் சேர்த்தால், ஒவ்வொரு கோப்பும் ஒரு அத்தியாயமாக நிற்கும்.

போனுக்குத் திரும்ப ஏற்றியபின் முதல் அத்தியாயத்தை ஓடவிட்டு, திரையைப் பூட்டி, இயர்போனில் 'அடுத்தது' மூன்றுமுறை அழுத்திப் பாருங்கள். பிறகு போனை அணைத்துப் போட்டு, முதல் அத்தியாயத்தில் இருந்தே இன்னொருமுறை பாருங்கள். இரண்டு தடவையும் நான்காம் அத்தியாயத்தில் நின்றால் போதும். மூல எம்4பி-யைக் கணினியிலேயே விட்டுவையுங்கள்.